வெல்லக்கூடிய அறியாமை

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் எட்டயபுரத்தைக் கடந்து தெற்கே வந்தால் எப்போதும்வென்றான் என்னும் ஊர் வருகிறது. பெயர்ப்பலகையை முதன்முறை காணும் வெளியூர்க்காரர் ஒருமுறை புன்னகை செய்யாமல் கடந்து போவதில்லை. அப்பெயருக்கு ஊரார் சொல்லும் காரணங்கள் பல. அவற்றை ஆராய்வது நம் நோக்கமன்று. எப்போதும் வென்ற ஒருவன் எதைக் கற்றிருப்பான் என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா. தோற்றவனுக்குத் தன் தோல்வியின் காரணத்தைத் தேட வேண்டிய கட்டாயம் உண்டு. வென்றவனுக்கு அது இல்லை. தன் திறமையால் வென்றானா, எதிரியின் பிழையால் வென்றானா, அன்று காற்று வீசிய திசையால் வென்றானா என்று அவன் கேட்பதில்லை. பத்து முறை வென்றபின் கேட்க வேண்டும் என்று தோன்றவும் செய்யாது.

இவ்வினாவைச் சிறு விமானங்களின் விபத்துகளைக் கொண்டு ஆராயப் புகுகிறோம். கரிசல் காட்டில் கம்பும் உளுந்தும் மிளகாயும் விதைத்துவிட்டு மழைக்காக வானத்தைப் பார்த்திருக்கும் மக்களுக்கு விமான விபத்தோடு என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். அத்தொடர்பு முன்னைப்போல் தொலைவில் இல்லை. வாகைக்குளத்தில் 1992 முதல் விமானம் இறங்குகிறது. 2025 ஜூலையில் அங்கே புதிய முனையமும் திறக்கப்பட்டது. கோவில்பட்டிக்கு அருகே தனியார் நிறுவனம் ஒன்று அமைத்த சிறிய ஓடுதளம் உண்டு. அங்கு விமானிப் பயிற்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தத் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் முயன்று வருகிறது. அது நிறைவேறினால், தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தின் வானில் இளைஞர்கள் சிறு விமானங்களை ஓட்டிப் பழகுவார்கள். அவர்களுள் நம் பங்குகளின் பிள்ளைகளும் இருக்கலாம். ஆயினும் நாம் இதை எழுதுவதற்கு அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. விபத்தில் மாண்டவர்களின் தவறுகளை எவ்வாறு அணுகுவது என்பதற்கு விமான உலகம் ஒரு முறையைக் கண்டு வைத்திருக்கிறது. குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்றவர்களுக்கு அம்முறை வியப்பூட்டும் அளவுக்குப் பழக்கமானதாகத் தோன்றும்.

சிறு விமானம் என்று நாம் சொல்வது இரண்டு முதல் ஆறு பேர் வரை அமரக்கூடியது. பெரும்பாலும் ஒரே இயந்திரம் கொண்டது. அவ்வியந்திரமும் நம் தோட்டத்துக் கிணற்றில் ஓடும் டீசல் என்ஜினைப் போல உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் அசைந்து இயங்குவதே. பெரும்பாலானவை ஒருவகைப் பெட்ரோலில் ஓடுகின்றன. பெரிய விமானத்தில் இரு விமானிகள், இரு இயந்திரங்கள், தரையிலிருந்து வழிநடத்தும் பலர் என்று ஒருவர் பிழையை மற்றவர் தாங்கும் ஏற்பாடு இருக்கிறது. சிறு விமானத்திலோ, பல வேளைகளில், ஒரு மனிதரும் அவருடைய தீர்மானமும் மட்டுமே. ஆகவேதான் மனிதத் தீர்மானம் எங்கே சறுக்குகிறது என்பதைச் சிறு விமான விபத்துகள் தெளிவாகக் காட்டுகின்றன.

இத்தகைய விபத்துகள் நம் நாட்டில் புகழ்பெற்றோர் மாளும்போது மட்டுமே செய்தியாகின்றன. 1980 ஜூன் 23 காலை, புதுதில்லி சப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட பிட்ஸ் எஸ்-2ஏ என்னும் இருவர் அமரும் சாகச விமானம் விழுந்து நொறுங்கியதில், அன்றைய பிரதமரின் இளைய மகன் சஞ்சய் காந்தியும் உடன் பறந்த பயிற்றுநரும் மாண்டனர். தாழ்வான உயரத்தில் வளையமடிக்கும் வித்தைகளைச் செய்துகொண்டிருந்தபோது விமானம் மீளவில்லை. நாடு அழுதது, அரசியல் வாரிசு யார் என்று பேசியது. விமானிக்கு உயரம் என்பது சேமிப்பு, தவறு செய்தபின் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம் அதுவே என்ற எளிய பாடத்தை அன்று பேசியவர்கள் மிகச் சிலர். 2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு ஜக்கூரிலிருந்து கிளம்பிய செஸ்னா 180 விமானம் சில நொடிகளில் விழுந்து எரிந்தபோது நடிகை சௌந்தர்யாவும் அவருடைய அண்ணனும் மற்றும் இருவரும் இறந்தனர். தமிழகத்தின் சிற்றூர்களிலும் அன்று துயரம் இருந்தது. ஆனால் பேச்செல்லாம் விதியைப் பற்றியும் சோதிடத்தைப் பற்றியும், இவ்வளவு இளம் வயதில் இப்படி ஒரு சாவா என்பதைப் பற்றியுமே. ஒரு சிறு விமானம் தரையை விட்டெழும் முதல் நொடிகள் ஏன் அத்தனை ஆபத்தானவை என்று எவரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

விபத்தைக் கேள்விப்படும் மனித மனம் இரண்டு புகலிடங்களைத் தேடுகிறது. ஒன்று விதி: நேரம் வந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும்? கிறிஸ்தவ இல்லங்களில் இதுவே சற்று ஆடை மாற்றி, ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று வருகிறது. துயருற்றோருக்கு அச்சொல் ஆறுதல் தருமாயின் அதைப் பறிக்க நாம் யார்? ஆயினும் அடக்கத் திருப்பலி முடிந்து ஒரு மாதம் ஆன பின்னரும் அச்சொல் ஒன்றே எஞ்சுமானால், இறைவனின் திருவுளத்தை நம் சோம்பலுக்குத் திரையாக்குகிறோம் என்றே கொள்ள வேண்டும். மற்றொரு புகலிடம் இதற்கு நேர்மாறானது: செத்தவன் முட்டாள், செருக்குப் பிடித்தவன், நாமாயிருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டோம். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நேர்ந்த பெரும் விமான விபத்தை எண்ணிப் பார்க்கலாம். ஒரு மாதம் கழித்து வெளியான முதற்கட்ட அறிக்கை, எரிபொருள் செல்வதைக் கட்டுப்படுத்தும் விசைகள் நிறுத்தும் நிலைக்கு மாறின என்றது. அது ஏன் என்று தீர்மானிக்கவில்லை. அதற்குள் தொலைக்காட்சி முதல் தேநீர்க்கடை வரை மறைந்த விமானிகளுக்குத் தீர்ப்பு எழுதி முடித்தாயிற்று. இவ்விரு புகலிடங்களும் வேறு வேறாகத் தோன்றினாலும் செய்யும் வேலை ஒன்றே. அந்த விபத்து நமக்கு நேராது என்று நம்மை நம்ப வைக்கின்றன.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இந்த இரண்டு கதவுகளையும் அடைக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்ட நிகழ்ச்சியை அவரே எடுத்துப் பேசுகிறார். மாண்டவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரைவிடக் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் திட்டமாக மறுக்கிறார். அத்துடன் நின்றிருந்தால், சாவு யாருக்கும் வரும் என்ற பொதுவான ஆறுதலாக அது முடிந்திருக்கும். அவரோ உடனே பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பக்கம் திருப்புகிறார்: நீங்கள் மாறாவிட்டால் உங்கள் கதி என்ன? இறந்தோரைப் பற்றிய விசாரணை, உயிரோடிருப்போரைப் பற்றிய விசாரணையாகிவிடுகிறது. மறையுரைகளில் இப்பகுதியை மனமாற்றத்துக்கான பொது அழைப்பாக விளக்குவது வழக்கம், அது சரியே. ஆனால் கோபுரம் ஒன்றை யாரோ கட்டினார்கள், யாரோ அதில் விரிசலைப் பார்த்துவிட்டு நடந்து போயிருக்கலாம் என்பதும் நம் சிந்தனைக்குரியது.

1944இல் சிகாகோவில் பன்னாட்டு வான்போக்குவரத்து உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் இணைப்புகளுள் 1951இல் ஏற்கப்பட்ட 13ஆம் இணைப்பு விபத்து விசாரணை பற்றியது. விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே என்றும், பழியையும் பொறுப்பையும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலையன்று என்றும் அது விதிக்கிறது. இந்தியாவிலும் இந்நெறிப்படி விசாரிக்க 2012இல் தனி அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. நற்செய்தி அதிகாரத்தின் எண்ணும் இணைப்பின் எண்ணும் ஒன்றாயிருப்பது தற்செயலே. அதில் நாம் மறைபொருள் எதையும் காண முயலவில்லை. கருத்தின் ஒற்றுமைதான் சிந்திக்கத்தக்கது.

இம்முறையில் எழுதப்பட்ட அறிக்கை எப்படியிருக்கும் என்பதற்கு நம் மக்கள் பலரும் அறிந்த ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன், தந்தையின் பெயரையே கொண்டவர், 1999 ஜூலை 16 மாலை 8.38 மணிக்கு நியூஜெர்சியிலிருந்து தம் பைப்பர் சரட்டோகா விமானத்தில் புறப்பட்டார். உடன் சென்றவர்கள் மனைவியும் மனைவியின் சகோதரியும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, மார்த்தாஸ் வினியார்ட் தீவை நெருங்குகையில் விமானம் கடலுள் பாய்ந்து மூவரும் இறந்தனர். கென்னடி குடும்பத்தைத் தொடரும் சாபம் என்று உலகமெங்கும் எழுதினார்கள். விசாரணை வாரியமோ சாபத்தைத் தேடவில்லை. அவருக்கு இருந்த பறத்தல் அனுபவம் ஏறத்தாழ 310 மணி நேரம் என்றும், கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்று இல்லை என்றும், அன்று கடல்மேல் புகைமூட்டம் இருந்தது என்றும், இரவில் கடலுக்கும் வானுக்கும் இடையே கோடு தெரியவில்லை என்றும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தது. உடன் வருவதாகச் சொன்ன பயிற்றுநர் ஒருவரிடம், தாமே தனியாகச் செய்ய விரும்புவதாக அவர் தெரிவித்தார் என்பதும் அவ்வறிக்கையில் உண்டு. முடிவில் வாரியம் குறித்த காரணம்: இருளில் கடல்மேல் இறங்கும்போது திசையுணர்வு குழம்பி, விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க இயலாமற்போனது. அதையும் உறுதியான காரணம் என்று சொல்வதில்லை. நிகழ்ந்திருக்கக்கூடிய காரணம் என்றே சொல்லுகின்றனர். தீர்ப்பிடுவதில் இத்தகைய அடக்கத்தை வேறெங்கே காண்கிறோம்?

திசையுணர்வு குழம்புதல் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நம் செவியின் உட்பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றில் நிறைந்த நீர்மம் அசைவதால் உடல் திரும்புவதை உணர்கிறோம். திருப்பம் மெதுவாகவும் தொடர்ச்சியாகவும் இருந்தால் நீர்மமும் உடன் சுழன்று அமைதியாகிவிடும். அப்போது, சாய்ந்து சுழன்றுகொண்டிருக்கும் விமானத்தில் அமர்ந்திருப்பவர் தாம் நேராகச் செல்வதாகவே முழுமனத்துடன் உணர்வார். நிமிர்த்தினாலோ, மறுபக்கம் சாய்வதுபோல் தோன்றும். எனவே மீண்டும் பழைய சாய்வுக்கே கொண்டுபோவார். பகலில் அடிவானம் கண்ணுக்குத் தெரிவதால் இந்த மயக்கம் திருத்தப்படுகிறது. இரவிலும் மேகத்திலும் எதிரே உள்ள கருவிகள்தாம் திருத்த முடியும். ஆனால் உடல் முழுவதும் ஒன்றைச் சொல்ல, ஒரு சிறு முள் வேறொன்றைச் சொன்னால், முள்ளை நம்புவதற்குப் பயிற்சி வேண்டும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேரைப் பாதுகாப்பான முறையில் இவ்வாறு சோதித்தனர். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர்; முதலாமவர் 20 நொடிகளில், கடைசியானவர் 480 நொடிகளில். சராசரி 178 நொடிகள். ஏறக்குறைய மூன்று நிமிடம்!

இருபது பேருள் ஒருவர்கூடத் தப்பவில்லை என்பதே இங்கு முக்கியம். செருக்கர்கள் மட்டும் விழுந்து, எச்சரிக்கையானவர்கள் நின்றிருந்தால் அதைக் குணத்தின் குறை என்று சொல்லலாம். இதுவோ மனித உடலின் அமைப்பு. கென்னடியின் மகன் முட்டாளாயிருந்ததால் விழவில்லை. நம்மைப்போல் செவி படைத்த மனிதராயிருந்ததால் விழுந்தார். மனச்சான்றின் குரலை அப்படியே நம்பலாம் என்று எளிதாகப் பேசுவோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. உறுதியாக உணர்வதும் உண்மையாயிருப்பதும் ஒன்றல்ல என்பதால்தான் மனச்சான்றுக்குப் பயிற்சி வேண்டும் எனத் திருச்சபை இடைவிடாது வலியுறுத்துகிறது.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் சிறியது, ஆனால் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. 1997 அக்டோபர் 12 அன்று அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விமானம் விழுந்து மாண்டார். தனியார் ஒருவர் வீட்டில் கட்டி முடித்த விமானம் அது. டென்வர் அண்மையில் வாங்கியிருந்தார். ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு எரிபொருளை மாற்றும் திருகு, மூல வரைபடத்தில் விமானியின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எரிபொருள் குழாய்கள் இருக்கைப் பகுதிக்குள் வரவேண்டாம் என்ற நல்ல எண்ணமே காரணம். எட்டாத திருகைத் திருப்ப இடுக்கி ஒன்றைக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். புறப்படுமுன் எரிபொருள் நிரப்ப வேண்டுமா என்று கேட்டதற்கு, சிறிது நேரமே பறக்கப்போவதால் வேண்டாம் என்றார் டென்வர். வானில் ஒரு தொட்டி வற்றியிருக்க வேண்டும். உடலை முறுக்கிப் பின்புறம் எட்டியபோது கால் தன்னையறியாமல் மிதியை அழுத்தியிருக்கலாம் என விசாரணையாளர் கண்டனர். இதில் யாருடைய பாவத்தைத் தேடுவோம்? பாதுகாப்பை எண்ணித் திருகை இடம் மாற்றியவருடையதா? இடுக்கி கொடுத்து உதவியவருடையதா? ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் நல்லதையே எண்ணினார்கள். விபத்துகளில் பெரும்பாலானவை தீயோரின் செயலால் அல்ல, நல்லோரின் சிறு வசதிகள் ஒன்றோடொன்று சேர்வதால் நேர்கின்றன என்று அறியும்போது நமக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது.

இங்கே பழைய ஒழுக்க இறையியலின் ஒரு பாகுபாட்டை நினைவுகூர்வோம். அறியாமை இருவகை. எவ்வளவு முயன்றாலும் நீக்கிக்கொள்ள வழியில்லாதது வெல்ல இயலாத அறியாமை. அதில் செய்த பிழைக்கு மனிதர் குற்றப்பொறுப்பு ஏற்பதில்லை. தகுந்த முயற்சியால் நீக்கிக்கொள்ளக்கூடியது வெல்லக்கூடிய அறியாமை. அதைப் பேணி வைத்திருப்பவர் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. குருமடத்தில் இப்பாடத்தைக் கற்பிக்கும்போது, நற்செய்தியே கேளாத தொலைதூரத் தீவினரை எடுத்துக்காட்டுவது வழக்கம். அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு விபத்து அறிக்கைதான் என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. எட்டாத திருகால் ஒருவர் மாளும்வரை அந்த ஆபத்து ஏறக்குறைய வெல்ல இயலாத அறியாமைக்குள் இருந்தது. அறிக்கை அச்சாகி வெளிவந்த நாளில் எல்லை இடம் பெயர்ந்துவிட்டது. அதற்குப்பின் அப்படியொரு திருகை வைத்துக்கொண்டு பறப்பவர், தெரியாது என்று சொல்லும் உரிமையை இழக்கிறார். மாண்டவரின் குற்றத்தை நிறுவுவது அறிக்கையின் வேலையன்று என்றோம். உயிரோடிருப்பவரின் பொறுப்பை அது உண்டாக்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புனித தோமா அக்குவினார் முன்மதி என்னும் நற்பண்பின் உறுப்புகளாக எட்டைக் கூறுகிறார். முதலாவது நினைவு. மற்றொன்றை இலத்தீனில் தோசிலித்தாஸ் என்பர். கற்பிக்கப்பட இசையும் மனம் என்று தமிழில் சொல்லலாம். வாழ்க்கையில் நேரும் தனித்தனி நிலைமைகள் எண்ணற்றவையாதலால், எந்த மனிதரும் அவை அனைத்தையும் தாமே கண்டு தேற முடியாது, பிறரிடம், சிறப்பாக மூத்தோரிடம், கற்றே ஆகவேண்டும் என்பது அவர் கருத்து. கற்றறிந்தோரும் இதற்கு விலக்கல்லர். சிறு விமானத்தில் மூத்தோர் என்போர் யார்? நீண்டகாலம் பறந்து உயிரோடிருப்பவர் மட்டுமல்லர். பறந்து வீழ்ந்தவரும் மூத்தோரே. முன்னவர், தாம் எதனால் தப்பினோம் என்று அறியாமலேயே தப்பியிருக்கக்கூடும். 2025 நவம்பரில் சேலத்திலிருந்து வந்த பயிற்சி விமானம் ஒன்று திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே இறங்க நேர்ந்தது. இருவரும் உயிர் பிழைத்தனர். நன்றித் திருப்பலிக்குரிய நிகழ்ச்சிதான். ஆனால் அதிலும் ஒரு விபத்து முழுவதுமாக அடங்கியிருக்கிறது, சாவு ஒன்றைத் தவிர.

இறந்தோரின் பிழையை அம்பலப்படுத்துவது பிறரன்புக்கு முரணல்லவா என்ற தடை எழலாம். அதற்கும் மரபில் விடை உண்டு. ஒருவருடைய உண்மையான குறையைத் தக்க காரணமின்றி வெளிப்படுத்துவது புறங்கூறல் என்னும் பாவம். உண்மையைத்தானே சொன்னேன் என்பது அதற்குச் சமாதானமாகாது. தக்க காரணம் இருந்தாலோ, அதுவே கடமையாகவும் ஆகலாம். எரிபொருளை அவர் சரிபார்க்கவில்லை என்ற அதே வாக்கியம் கடைத்தெருவில் புறங்கூறலாகவும் அறிக்கையில் அன்புச் செயலாகவும் இருக்கிறது. கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதே வேறுபாடு.

ஆயினும் பாடத்துக்கு ஒருவர் சாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் நகரை நெருங்கிய பயணிகள் விமானம் ஒன்று மலையில் மோதி 92 பேர் இறந்தனர். ஆறு வாரங்களுக்கு முன் வேறு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில், அதே குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு, மயிரிழையில் தப்பியிருந்தனர் என்பது பின்னர் தெரியவந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை மட்டும் எச்சரித்துவிட்டு அமைந்துவிட்டது. இதன் விளைவாக 1976இல் ஓர் ஏற்பாடு தொடங்கிற்று. விமானி எவரும் தம் தவறை எழுதி அனுப்பலாம். தண்டிக்கும் அதிகாரம் கொண்ட துறைக்கு அன்று, தண்டிக்கும் அதிகாரம் இல்லாத நாசா விண்வெளி நிறுவனத்துக்கு. அங்கே பெயரும் அடையாளமும் நீக்கப்படுகின்றன. பத்து நாளுக்குள் எழுதுபவருக்கு, வேண்டுமென்றே செய்த பிழையோ குற்றச்செயலோ விபத்தோ அல்லாதவற்றில், தண்டனை விலக்கும் உண்டு. பல இலட்சம் மடல்கள் இவ்வாறு குவிந்துள்ளன; அவற்றுள் பலவற்றை அனுப்பியவர்கள் சிறு விமானம் ஓட்டுபவர்கள். தேர்ந்தெடுத்த சிலவற்றைச் சிறு திங்கள் இதழாக வெளியிடுகின்றனர்.

ஒப்புரவு அருள்சாதனத்தின் இரகசியக் காப்பை அறிந்த கத்தோலிக்கருக்கு இதன் உட்பொருள் உடனே விளங்கும். தண்டனைக்கு அஞ்சாத இடத்தில்தான் மனிதர் வாய் திறப்பர். வேறுபாடும் உண்டு, அதை மறைக்கலாகாது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது என்றென்றும் மண்ணுக்குள் புதைந்தது. அங்கே பெயரும் மறைகிறது, செய்தியும் மறைகிறது. இங்கே பெயர் மட்டும் மறைந்து, செய்தி ஊரெங்கும் போகிறது. ஒன்று ஆன்மாவைக் குணமாக்க. மற்றொன்று அயலாரைக் காக்க. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைக்க முடியாது.

1920இல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். திருச்சடங்கு நூலில் விமானத்தை மந்திரிக்கும் செபமும் இடம்பெற்றது. புதிய இருசக்கர வண்டியையும் டிராக்டரையும் மந்திரித்துத் தரும்படி நம் மக்கள் கோவில் வாசலுக்குக் கொண்டுவருவதும் அதே நம்பிக்கையால்தான். தீர்த்தம் தெளித்தபின் தடையையும் விளக்கையும் பார்த்தாயிற்றா என்று கேட்கும் அருட்பணியாளரைச் சிலர் நம்பிக்கை குறைந்தவராகப் பார்க்கிறார்கள்!

இனி நம் மண்ணுக்கு வருவோம். எப்போதும்வென்றானைச் சுற்றிய ஊர்களிலிருந்து விமானம் ஓட்டப் போனவர் அரியர். தீப்பெட்டி ஆபீசுக்கும், மேற்கே சாத்தூர், சிவகாசிப் பக்கம் வெடி ஆபீசுக்கும் போனவர் ஏராளம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டனர். அவர்களுள் பலர் அங்கு வேலை செய்தவர்களே அல்லர். முதல் தீயைக் கண்டு உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்கள். இரண்டாம் வெடிப்பு அவர்களைக் கொண்டுபோயிற்று. எரியும் மருந்து அறையை நோக்கி ஓடக்கூடாது என்பது விமானிக்குச் சொல்லப்படும் 178 நொடிகளுக்கு ஒப்பான பாடம். கரிசல் காட்டின் பள்ளிகளில் எத்தனையில் அதைச் சொல்லிக் கொடுக்கிறோம்? அதன்பின்னும் ஆண்டுதோறும் செய்தி வருகிறது: உராய்வு, அளவுக்கு மீறிய மருந்து, அளவுக்கு மீறிய ஆட்கள். வழக்குப் பதிவு, நிவாரணத் தொகை, அடக்கம். மாண்டவர் எந்தக் கையசைவில் மாண்டார் என்ற அறிவு அடுத்த ஊரின் அடுத்த அறைக்கு வந்து சேருவதில்லை.

பழியைத் தேடாதே என்ற நெறியைச் சொல்லி, நால்வர் வேலை செய்யவேண்டிய அறையில் தெரிந்தே பலரை அடைக்கும் முதலாளியை நாம் தப்பவிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். முழு அறிவும் முழுச் சம்மதமும் உள்ள இடத்தில் அது தவறன்று, பாவம். சட்டப்படி குற்றமும் ஆகும். அதற்கு நீதிமன்றம் உண்டு, இருக்கவும் வேண்டும். 13ஆம் இணைப்பும் நீதிமன்றத்தை ஒழிக்கவில்லை. இரண்டு விசாரணைகளையும் தனித்தனியே வைக்கச் சொல்கிறது. நம்மிடம் நடப்பது ஒரே விசாரணை. அது காவல் நிலையத்தில் நடக்கிறது. அங்கே உண்மை சொல்லும் தொழிலாளிக்கு என்ன நேரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அண்மையில் ஓர் அன்பியக் கூட்டத்தில் இச்செய்திகளைப் பகிர்ந்துகொண்டபோது, பற்றவிருந்து பற்றாமற்போன தீயைப்பற்றி, தப்பிய விரல்களைப்பற்றி, பெயர் சொல்லாமல் தாளில் எழுதித் தரலாமே என்று கேட்டுப் பார்த்தோம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, இருபதாண்டுகளாகத் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் அம்மா ஒருவர் சொன்னார்: "எங்க செட்டுல பன்னெண்டு பேருதான சாமி. பேரைச் சொல்லாட்டாலும் யாருன்னு தெரிஞ்சிரும்."

அவர் சொன்னது சரி. பல்லாயிரம் விமானிகளுக்கிடையே ஒருவர் மறைந்துகொள்ளலாம். பன்னிரண்டு பேருக்கிடையே முடியாது. பத்துப் பதினைந்து ஊர்களின் தாள்களை ஒரே பெட்டியில் கலந்து, ஊர்ப் பெயரையும் ஆலைப் பெயரையும் நீக்கி, ஆலை எதனோடும் தொடர்பில்லாத ஒருவர் படித்துத் தொகுப்பாரானால் அது நடக்கலாம். ஒரு பங்கால் மட்டும் ஆகக்கூடியதன்று. மறைவட்டத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துவைக்க எண்ணியிருக்கிறோம். பெட்டியின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அந்த அம்மாவிடமே கேட்க வேண்டும்.